அணு எங்கேயும் போகாது: வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்ய முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு வேதியியலில் பிள்ளைகள் முதலில் தடுமாறும் இடம் சமன்பாட்டைச் சமன் செய்வதுதான். கோத்தகிரியில் என்னிடம் டியூஷன் வருபவர்களில் பலரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். ஏதோ ஓர் எண்ணை முன்னால் போட்டுப் பார்ப்பது, ஒத்துவராவிட்டால் அழித்துவிட்டு வேறோர் எண்ணைப் போடுவது. சின்னச் சமன்பாட்டுக்கு இது போதும். நாலைந்து தனிமங்கள் வந்துவிட்டால் அரைமணி நேரம் போனாலும் விடை வராது. "எனக்கு கெமிஸ்ட்ரி வராது" என்ற முடிவுக்கு அந்தப் பிள்ளை வந்துவிடும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த யாருக்கும் இது வரும். யூகிக்காமல் ஒரு வரிசையில் போகத் தெரிந்தால் போதும்.

அந்த வரிசையைத்தான் இங்கே முழுமையாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நம் மலையில் கண்ணில் படுகிறவை: சமையல் காஸ், நீலகிரித் தைலம், குளிருக்கு மூட்டும் கரி, உருளைக்கிழங்குக்கு அடிக்கும் மருந்து, தேயிலைக்குப் போடும் டோலமைட், அரவங்காட்டு வெடிமருந்து.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. பொருட்களை இங்கே பெயர் சொல்லியே எழுதுகிறேன். ஒரு மூலக்கூறில் எந்த அணு எத்தனை என்பதை அடைப்புக்குள் தருகிறேன். உங்கள் நோட்டில் வழக்கமான குறியீடுகளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி எண்ணிப் பழகினால் குறியீட்டுக்குள் இருக்கும் அணுக்கள் தானாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

அணு ஏன் எங்கேயும் போகாது

ஒரு கட்டுக் கற்பூர மரத்து விறகை எரித்தால் கடைசியில் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது. பார்ப்பவருக்கு விறகு அழிந்துபோனது போலத்தான் தோன்றும். பிரான்சில் லவாய்சியே என்பவர் 1774இல் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்து, கலத்தை இறுக மூடிச் சூடாக்கினார். உலோகம் வெளிறிய பொடியாக மாறியது. ஆனால் மூடிய கலத்தின் மொத்த எடை மாறவே இல்லை. கலத்தைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்தது; எடை கூடியது. அதாவது, கலத்துக்குள் இருந்த காற்றின் ஒரு பகுதிதான் உலோகத்தோடு சேர்ந்திருந்தது. எதுவும் புதிதாக உண்டாகவில்லை, எதுவும் காணாமல் போகவும் இல்லை. 1789இல் வெளியிட்ட வேதியியல் நூலில் அவர் இதைப் பொது விதியாகவே வைத்தார். இதைத்தான் பாடப்புத்தகம் பொருண்மை அழியா விதி என்கிறது. 1808இல் ஜான் டால்டன் இதற்குக் காரணத்தைச் சொன்னார்: வேதிவினையில் அணுக்கள் பிரிகின்றன, வேறு விதமாகச் சேர்கின்றன; ஆனால் அணு உண்டாவதும் இல்லை, அழிவதும் இல்லை. ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுவதும் இல்லை. (அணுக்கரு வினைகளில் மாறும். அது வேறு பாடம்.)

விறகுக்கு வருவோம். அதில் இருந்த கார்பனும் ஹைட்ரஜனும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் புகைபோக்கி வழியே போய்விட்டன. 12 கிராம் கார்பன் முழுதாக எரிய 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். கிடைப்பது 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ கார்பன் எரிந்தால் மூன்றரைக் கிலோவுக்கும் அதிகமான வாயு உண்டாகிறது. எடை குறைந்தது போலத் தெரிவது, வெளியே போனதை நாம் தராசில் வைக்காததால்தான்.

சமன்பாட்டைச் சமன் செய்வது இந்தக் கணக்கை எழுத்தில் சரிபார்ப்பது. அம்புக்குறிக்கு இடது பக்கம் வினைபடுபொருட்கள், வலது பக்கம் விளைபொருட்கள். இடது பக்கம் எந்த அணு எத்தனை இருந்ததோ வலது பக்கமும் அத்தனை இருக்க வேண்டும். எஸ்டேட்டில் வரவுப் பதிவேட்டையும் செலவுப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போலத்தான் இது. ஒரு மூட்டை கணக்கில் வராவிட்டால் எழுதியதில் பிழை.

தொடக் கூடிய எண், தொடக் கூடாத எண்

சமன்பாட்டில் இரண்டு வகை எண்கள் உண்டு. மூலக்கூறுக்கு முன்னால் பெரிதாக எழுதுவது கெழு. அது அத்தகைய மூலக்கூறுகள் எத்தனை என்று சொல்கிறது. குறியீட்டின் கீழே சிறிதாக எழுதுவது கீழெண். அது ஒரு மூலக்கூறுக்குள் அந்த அணு எத்தனை என்று சொல்கிறது. கெழுவை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். கீழெண்ணைத் தொடவே கூடாது.

ஏன் கூடாது? நீரில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. கணக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டால் அது நீராக இருக்காது. புண்ணைக் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். கார்பன் டை ஆக்சைடில் இருந்து ஓர் ஆக்சிஜனை எடுத்தால் அது ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு. கீழெண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடுகிறது. எழுத வந்த வினை ஒன்று, எழுதியது இன்னொன்று.

கெழு அந்த மூலக்கூறு முழுவதையும் பெருக்கும். 3 நீர் என்றால் ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 3. முதல் அணுவை மட்டும் பெருக்கிவிட்டு அடுத்ததை மறந்துவிடுவது தேர்வில் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு.

இன்னொன்று: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனியாக இருக்கும்போது இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்தே இருக்கும். 'ஆக்சிஜன்' என்று சமன்பாட்டில் தனியாக எழுதினால் அது இரண்டு அணு கொண்ட மூலக்கூறு. இதை மனப்பாடமே செய்துவிடுங்கள்.

படிகள்: சமையல் காஸை வைத்து

சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும். பியூட்டேனை எடுத்துக்கொள்வோம் (கார்பன் 4, ஹைட்ரஜன் 10).

படி 1. வினையை வார்த்தையில் எழுதுங்கள். பியூட்டேன் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர். எது சேர்ந்து எது வருகிறது என்று தெரியாமல் எண்ணைத் தேடக் கூடாது.

படி 2. ஒவ்வொரு பொருளுக்கும் சரியான வாய்பாட்டை எழுதுங்கள். இந்த நிமிடத்தோடு கீழெண்களுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

படி 3. கீழே ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று மூன்று வரி, இடம், வலம் என்று இரண்டு கட்டம். இப்போதைய நிலவரம்: கார்பன் இடம் 4, வலம் 1. ஹைட்ரஜன் இடம் 10, வலம் 2. ஆக்சிஜன் இடம் 2, வலம் 3 (கார்பன் டை ஆக்சைடில் 2, நீரில் 1).

படி 4. எதிலிருந்து தொடங்குவது? இதுதான் முக்கியமான கேள்வி. இரண்டு பக்கமும் ஒரே ஒரு பொருளில் மட்டும் இருக்கும் தனிமத்தை முதலில் பிடியுங்கள். கார்பன் இடது பக்கம் பியூட்டேனில் மட்டும், வலது பக்கம் கார்பன் டை ஆக்சைடில் மட்டும். ஹைட்ரஜனும் அப்படியே. ஆக்சிஜன் வலது பக்கம் இரண்டு பொருளில் இருக்கிறது; அதோடு இடது பக்கம் தனித் தனிமமாகவும் நிற்கிறது. தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கெழுவை மாற்றினால் வேறெந்த அணுவின் கணக்கும் கெடாது.

படி 5. கார்பன்: வலது பக்கம் 4 கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன்: 10 அணு வேண்டும், நீர் ஒன்றுக்கு 2, எனவே 5 நீர்.

படி 6. இப்போது ஆக்சிஜன். வலது பக்கம் 4 × 2 = 8, அதோடு நீரில் 5, மொத்தம் 13. இடது பக்கம் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 2 அணு. எனவே 13ஐ 2ஆல் வகுத்து ஆறரை. "ஆறரை வருதே டீச்சர், தப்பா?" என்று கேட்பார்கள். தப்பில்லை. அரை வந்தால் பயப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 7. எல்லாக் கெழுக்களையும் 2ஆல் பெருக்குங்கள்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

எல்லாக் கெழுக்களும் பொதுவான ஓர் எண்ணால் வகுபடுமானால் வகுத்து, மிகச் சிறிய முழு எண்களாக வைக்க வேண்டும். இங்கே 13 இருப்பதால் அது நடக்காது.

படி 8. பழைய அட்டவணையைப் பார்க்காமல் புதிதாக எண்ணுங்கள். கார்பன் 8, 8. ஹைட்ரஜன் 20, 20. ஆக்சிஜன் 26; வலது பக்கம் 16 + 10 = 26. முடிந்தது.

இந்த எண்கள் வெறும் தேர்வு விடை இல்லை. பியூட்டேன் மூலக்கூறின் நிறை 58, ஆக்சிஜன் 32, கார்பன் டை ஆக்சைடு 44, நீர் 18. கெழுவால் பெருக்கினால் 116 + 416 = 532; மறுபக்கம் 352 + 180 = 532. எடையும் ஒத்துப் போகிறது. 14.2 கிலோ சிலிண்டர் முழுக்கப் பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால், அது தீருவதற்குள் சமையலறைக் காற்றில் சுமார் 22 கிலோ நீர் ஆவியாகச் சேருகிறது. குளிர்காலத்தில் காலையில் அடுப்பைப் பற்றவைத்துக் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் துளித்துளியாக முத்துப் பூக்கிறதே, அதில் ஒரு பங்கு இட்லிப் பானையிலிருந்து வந்தது. இன்னொரு பங்கு காஸ் எரிந்ததால் புதிதாக உண்டான நீர். பியூட்டேனில் இருந்த ஹைட்ரஜன்தான் அங்கே கண்ணாடியில் வழிகிறது.

(பியூட்டேன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. ஊட்டியில் உறைபனி விழும் காலையில் அது எளிதில் ஆவியாகாது. மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும் புரொப்பேன் கலந்திருப்பதால்தான் அடுப்பு எரிகிறது.)

தைலத்தில் ஒளிந்திருக்கும் ஆக்சிஜன்

நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல் (கார்பன் 10, ஹைட்ரஜன் 18, ஆக்சிஜன் 1). கற்பூர மர இலையைக் கொப்பரையில் போட்டு நீராவியில் வடிக்கும்போது சமன்பாடு ஏதும் இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். இலைக்குள் இருந்த அதே சினியோல் மூலக்கூறு ஆவியோடு வெளியே வந்து குளிர்ந்து எண்ணெயாக நிற்கிறது. இடம் மாறியது, உரு மாறவில்லை. அது இயற்பியல் மாற்றம். அந்த எண்ணெயைத் தீயில் காட்டினால்தான் வேதிவினை.

சினியோல் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர். கார்பனுக்கு 10, ஹைட்ரஜனுக்கு 9. வலது பக்கம் ஆக்சிஜன் 20 + 9 = 29. இங்கேதான் பலர் 29ஐ அப்படியே 2ஆல் வகுத்துவிடுவார்கள். சினியோலுக்குள்ளேயே ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. அதைக் கழித்தால் 28. காற்றிலிருந்து வர வேண்டியது 14 மூலக்கூறு.

1 சினியோல் + 14 ஆக்சிஜன் → 10 கார்பன் டை ஆக்சைடு + 9 நீர்

எரியும் பொருளில் ஆக்சிஜன் இருந்தால் முதலில் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை வகுங்கள். சாராயம், சர்க்கரை, காகிதம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கரித் தணல்: சமன் ஆனது எல்லாம் நடக்கும் என்று இல்லை

இந்தப் பகுதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் வழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. கரி என்பது பெரும்பாலும் கார்பன். அது எரிவதற்கு இரண்டு சமன்பாடுகள் எழுதலாம்:

1 கார்பன் + 1 ஆக்சிஜன் → 1 கார்பன் டை ஆக்சைடு

2 கார்பன் + 1 ஆக்சிஜன் → 2 கார்பன் மோனாக்சைடு

இரண்டையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் மிகச் சரியாகச் சமன் ஆகின்றன. இரண்டிலும் வினைபடுபொருட்கள் ஒன்றே. எது நடக்கும் என்பதைச் சமன்பாடு சொல்லாது. ஆக்சிஜன் எவ்வளவு கிடைக்கிறது, கரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். 12 கிராம் கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக மாற 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். மோனாக்சைடாக மாற 16 கிராம் போதும். அறை மூடிக் கிடந்து ஆக்சிஜன் குறையக் குறைய, பாதியிலேயே நின்றுபோகும் எரிதல் கூடிக்கொண்டே போகும். அதோடு, தணல் குவியலின் அடியில் உண்டான கார்பன் டை ஆக்சைடு மேலே சிவந்திருக்கும் கரியைக் கடந்து வரும்போது இன்னொரு கார்பனைப் பிடித்துக்கொண்டு இரண்டு மோனாக்சைடு மூலக்கூறாக மாறும்:

1 கார்பன் டை ஆக்சைடு + 1 கார்பன் → 2 கார்பன் மோனாக்சைடு

இதுவும் சமன் ஆகிறது. புகையே இல்லாமல் அழகாகக் கனன்றுகொண்டிருக்கும் தணல்தான் ஆபத்தானது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. தயவுசெய்து எரியும் கரியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். விருந்தினராக வருபவர்களுக்கும் சொல்லுங்கள்.

பாடத்துக்குத் திரும்புவோம். சமன் செய்தல் என்பது ஒரு வடிகட்டி மட்டும். சமன் ஆகாத வினை நடக்கவே நடக்காது. சமன் ஆன வினை நடக்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

கூட்டமாக நகரும் அணுக்கள்

சல்பேட், நைட்ரேட், கார்பனேட், ஹைட்ராக்சைடு போன்றவை பல வினைகளில் உடையாமல் மொத்தமாக இடம் மாறும். அப்போது கந்தகம் எத்தனை, ஆக்சிஜன் எத்தனை என்று பிரித்து எண்ணாமல் 'சல்பேட் எத்தனை' என்று எண்ணினால் வேலை பாதியாகக் குறையும்.

நம் ஊரில் வீட்டு வாசலில் பூக்கும் ஹைட்ரேஞ்சியா பெரும்பாலும் நீலமாக இருப்பது மண் அமிலத்தன்மையாக இருப்பதால்; அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போகிறது. சுண்ணாம்பு போட்டால் அலுமினியம் கரையாத வடிவத்துக்குப் போய்விடும், பூ இளஞ்சிவப்புக்கு மாறும். இதன் எளிய வடிவம்: அலுமினியம் சல்பேட் (அலுமினியம் 2, சல்பேட் 3) + நீர்த்த சுண்ணாம்பு (கால்சியம் 1, ஹைட்ராக்சைடு 2) → அலுமினியம் ஹைட்ராக்சைடு (அலுமினியம் 1, ஹைட்ராக்சைடு 3) + கால்சியம் சல்பேட் (கால்சியம் 1, சல்பேட் 1).

அலுமினியம் 2 என்பதால் வலது பக்கம் 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு. சல்பேட் 3 என்பதால் 3 கால்சியம் சல்பேட். கால்சியம் 3 ஆகிவிட்டது, எனவே இடது பக்கம் 3 நீர்த்த சுண்ணாம்பு. ஹைட்ராக்சைடு இடம் 6, வலம் 6. தொடாமலேயே ஒத்துவிட்டது. 1, 3 → 2, 3. கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் போதும் ஏறத்தாழ இதே வினைதான்.

இப்போது போர்டோ கலவை. உருளைக்கிழங்கில் பின்பருவ இலைக்கருகல் வந்தால் அடிப்பது. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், நீர்த்த சுண்ணாம்போடு சேர்ந்து காப்பர் ஹைட்ராக்சைடும் கால்சியம் சல்பேட்டும் தரும். எளிமையாக எழுதினால் கெழு எல்லாமே 1. எண்ணும் வேலையே இல்லை. ஆனால் இதில் கற்க வேண்டியது வேறு. 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுண்ணாம்பும் போடுகிறார்கள். கெழுவும் 1:1, எடையும் 1:1. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. கெழு மூலக்கூறுகளின் எண்ணிக்கை, கிலோ இல்லை. மயில்துத்தப் படிகத்தின் மூலக்கூறு நிறை சுமார் 250, நீர்த்த சுண்ணாம்பின் மூலக்கூறு நிறை 74. ஒரு கிலோ மயில்துத்தத்துக்குச் சமன்பாடு கேட்பது சுமார் 300 கிராம் தூய நீர்த்த சுண்ணாம்புதான். மிச்சம் வேண்டுமென்றே போடுவது: கரைந்த காப்பர் மீதமிருந்தால் இலை கருகிவிடும்.

மீதமிருக்கிறதா என்று விவசாயிகள் பார்க்கும் முறையே ஒரு சமன்பாடு. நன்றாகத் தீட்டிய கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பழுப்பாகப் படிந்தால் கரைந்த காப்பர் இன்னும் இருக்கிறது, சுண்ணாம்பு போதாது. 1 இரும்பு + 1 காப்பர் சல்பேட் → 1 இரும்பு சல்பேட் + 1 காப்பர். இரும்பணு கரைசலுக்குள் இறங்க, காப்பர் அணு கத்தியின்மேல் வந்து உட்காருகிறது. அணு இடம் மாறுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. பள்ளி ஆய்வகத்தில் ஓர் ஆணியை வைத்தே செய்யலாம்.

அயனி வந்தால் மின்சுமையும் கணக்கில்

தேயிலைக்கு அமோனியம் சல்பேட்டோ யூரியாவோ தொடர்ந்து போடும் மண் வருடாவருடம் புளித்துக்கொண்டே, அதாவது அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகும். காரணம், மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மின்சுமை உள்ள அணுவையோ அணுக்கூட்டத்தையோ அயனி என்கிறோம். அமோனியம் அயனியில் நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 4, சுமை +1. நைட்ரேட்டில் நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 3, சுமை −1.

1 அமோனியம் + 2 ஆக்சிஜன் → 1 நைட்ரேட் + 2 ஹைட்ரஜன் அயனி + 1 நீர்

ஹைட்ரஜன் 4, வலது பக்கம் 2 + 2. ஆக்சிஜன் 4, வலது பக்கம் 3 + 1. சுமை: இடம் +1; வலம் −1 + 2 = +1. அணுவும் ஒத்து, சுமையும் ஒத்தால்தான் அயனிச் சமன்பாடு முடிந்தது. அணு மட்டும் ஒத்து, சுமை ஒத்துவராவிட்டால் ஏதோ ஓர் அயனியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அந்த 2 ஹைட்ரஜன் அயனிதான் மண்ணின் புளிப்பு. அதற்கு மாற்றாக டோலமைட் (கால்சியம் 1, மெக்னீசியம் 1, கார்பனேட் 2):

1 டோலமைட் + 4 ஹைட்ரஜன் அயனி → 1 கால்சியம் அயனி + 1 மெக்னீசியம் அயனி + 2 கார்பன் டை ஆக்சைடு + 2 நீர்

சுமை இடது பக்கம் +4. வலது பக்கம் கால்சியம் +2, மெக்னீசியம் +2. இரண்டு சமன்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால், 2 அமோனியம் உண்டாக்கும் புளிப்பை 1 டோலமைட் தணிக்கும். எடையில், 28 கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 184 கிராம் டோலமைட். ஒரு கிலோ நைட்ரஜனுக்கு ஆறரைக் கிலோ. இது தாளில் வரும் உச்சக் கணக்கு. வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது புளிப்பில் ஒரு பங்கு தணிந்துவிடும். தேயிலைக்கு மண்ணின் கார அமில எண் (pH) 4.5 முதல் 5.5 வரை இருப்பதே நல்லது. முழுக்கத் தணிக்கவும் கூடாது. எனவே மண் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் அளவு. ஆனால் உரம் போட்டால் ஏன் டோலமைட்டும் போட வேண்டியிருக்கிறது என்பதற்கான பதில் இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது.

கால் வந்தாலும் கலங்க வேண்டாம்

அரவங்காட்டில் நூறாண்டுக்கும் மேலாக இயங்கும் தொழிற்சாலையின் பெயரிலேயே இருக்கும் கார்டைட் என்ற வெடிமருந்தின் முக்கியக் கூறுகளில் ஒன்று நைட்ரோகிளிசரின் (கார்பன் 3, ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 9). அது சிதைந்தால் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன், கொஞ்சம் ஆக்சிஜன். ஒரு மூலக்கூறை வைத்துத் தொடங்குங்கள். கார்பன் டை ஆக்சைடு 3. நீர் இரண்டரை. நைட்ரஜன் ஒன்றரை. ஆக்சிஜன் அணு 9இல் 6ம் இரண்டரையும் போக மிச்சம் அரை அணு. ஆக்சிஜன் மூலக்கூறு கால். எல்லாவற்றையும் 4ஆல் பெருக்குங்கள்:

4 நைட்ரோகிளிசரின் → 12 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர் + 6 நைட்ரஜன் + 1 ஆக்சிஜன்

ஆக்சிஜன் 36, வலது பக்கம் 24 + 10 + 2. நான்கு மூலக்கூறு திரவம் 29 மூலக்கூறு சூடான வாயுவாகிறது. வெடிக்கும் விசை அங்கிருந்துதான் வருகிறது. எரிவதற்கான ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால் இதற்கு வெளிக்காற்று தேவையில்லை என்பதும் இந்தச் சமன்பாட்டிலேயே தெரிகிறது.

வரிசை உதவாதபோது இயற்கணிதம்

சில சமன்பாடுகளில் ஒரே தனிமம் வலது பக்கம் இரண்டு பொருட்களுக்குள் பிரிந்து போகும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் காப்பர் கரைவது பதினொன்றாம் வகுப்பில் வழக்கமாக வருவது. காப்பர் + நைட்ரிக் அமிலம் (ஹைட்ரஜன் 1, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 3) → காப்பர் நைட்ரேட் (காப்பர் 1, நைட்ரேட் 2) + நைட்ரிக் ஆக்சைடு (நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 1) + நீர்.

கெழுக்களுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வையுங்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வரி:

காப்பர்: அ = இ
ஹைட்ரஜன்: ஆ = 2உ
நைட்ரஜன்: ஆ = 2இ + ஈ
ஆக்சிஜன்: 3ஆ = 6இ + ஈ + உ

ஆ என்பதை 2உ என்று மாற்றினால், நைட்ரஜன் வரியிலிருந்து ஈ = 2உ − 2இ. இதை ஆக்சிஜன் வரியில் வைத்தால் 6உ = 4இ + 3உ, அதாவது 3உ = 4இ. மிகச் சிறிய முழு எண்கள்: இ = 3, உ = 4. அப்புறம் ஆ = 8, ஈ = 2, அ = 3. விடை 3, 8 → 3, 2, 4.

எலக்ட்ரான் கணக்கிலும் இதே விடை வரும், அது இன்னும் வேகமானது. காப்பர் அணு ஒவ்வொன்றும் 2 எலக்ட்ரானை இழக்கிறது. நைட்ரிக் ஆக்சைடாக மாறும் நைட்ரஜன் ஒவ்வொன்றும் 3 எலக்ட்ரானைப் பெறுகிறது. இழந்ததும் பெற்றதும் சமமாக 3 காப்பர், 2 நைட்ரிக் ஆக்சைடு. மூன்று காப்பர் நைட்ரேட்டில் மாறாமல் நிற்கும் 6 நைட்ரேட்டையும் சேர்த்தால் அமிலம் 8. எலக்ட்ரானும் காணாமல் போவதில்லை என்பதால்தான் இந்த முறை வேலை செய்கிறது.

நீங்களே செய்ய

ஒன்று: தகரக் கூரை துருப்பிடிப்பது. இரும்பு + ஆக்சிஜன் → இரும்பு ஆக்சைடு (இரும்பு 2, ஆக்சிஜன் 3). நிஜத் துருவில் நீரும் சேர்ந்திருக்கும். இது எளிய வடிவம்.

இரண்டு: ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் தயாரித்த காலத்தில் அதன் உயிர்நாடியாக இருந்த வினை. ஒளி பட்டு சில்வர் புரோமைடு (சில்வர் 1, புரோமின் 1) சில்வராகவும் புரோமினாகவும் பிரிவது. புரோமின் இரட்டையாக நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று: விண்டர்கிரீன் தைலத்தில் இருக்கும் மீத்தைல் சாலிசிலேட் (கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3) முழுதாக எரிவது.

நான்கு: நடுவட்டத்தில் சின்கோனா பட்டையிலிருந்து எடுத்த குவினைன் (கார்பன் 20, ஹைட்ரஜன் 24, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2) எரிந்து கார்பன் டை ஆக்சைடு, நீர், நைட்ரஜன் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

விடைகள்: ஒன்று, 4, 3 → 2. இரண்டு, 2 → 2, 1. மூன்று, 2, 17 → 16, 8; இதில் ஆக்சிஜன் இரண்டு பக்கமும் 40 வர வேண்டும். நான்கு, 1, 25 → 20, 12, 1. ஆக்சிஜன் இரண்டு பக்கமும் 52. மூன்றாவதில் எட்டரை வந்து நின்றுவிட்டால் படி 7 பாக்கி. நான்காவதில் 26 வந்தால் குவினைனுக்குள் இருக்கும் இரண்டு ஆக்சிஜனைக் கழிக்கவில்லை. சினியோல் பகுதியை மறுபடி ஒருமுறை செய்து பாருங்கள்.